மடங்காத சுண்டுவிரல்

தங்கையின் கட்டிலருகே இருந்த தம்ளர் ஈரமாயிருந்தது. அவள் இறந்த பிறகு அந்த அறையில் யாரும் படுப்பதில்லை. கதவைத் திறந்தால் மருந்து வாடையும் துவைக்காத போர்வையின் வாடையும் ஒன்றாகக் கலந்து முகத்தில் வந்து மோதும். தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைக்கக்கூட அக்காவுக்கு மனசு வரவில்லை. அது காய்ந்து, அடியில் வெள்ளையாகக் கறை படிந்து கிடந்ததை நேற்றுதான் பார்த்திருந்தாள்.

வெளியே மழைக்கு இருட்டிக்கொண்டு வந்தது. கைபேசி அடித்தது. பதிப்பாசிரியர்.

"மேடம், கடைசி அத்தியாயத்துல உருமாறி திரும்பவே இல்லையே. அந்தத் தங்கச்சி உருவத்துலயே நிக்குது."

"மறந்துட்டேன் சார்."

"தொடர்ல அடுத்த வாரம் அது தன்னோட உருவத்துல கப்பல்ல இருக்கணும். நாம எதையும் மாத்தி வெச்சிட்டு வந்துடக் கூடாதுல்ல. ஒரு பக்கம் போதும், இன்னிக்கே அனுப்பிடுங்க."

தொலைக்காட்சியில் ஓடும் விண்வெளித் தொடர் ஒன்றின் பாத்திரங்களை வைத்து நாவல் எழுதுவதுதான் அக்காவின் பிழைப்பு. அதில் வரும் உருமாறி யாருடைய உருவத்தையும் எடுத்துக்கொள்ளும். திரையில் அதற்குப் பெரிய வித்தையெல்லாம் தேவையில்லை. தூணுக்குப் பின்னால் ஒரு நடிகர் போவார், மறுபக்கம் இன்னொருவர் வருவார். வந்தது நகல்தான் என்று பார்ப்பவருக்குப் புரிய, அவர் இடதுகைச் சுண்டுவிரலை மட்டும் மடக்கமாட்டார். எழுத்தில் தூணும் இல்லை, நடிகரும் இல்லை. விரலைச் சொன்னால் மட்டும் போதாது. வாசகர் நம்ப வேண்டுமென்றால் உருமாறிக்கு ஒரு மனுஷியின் குரல், இருமல், கோபம் எல்லாம் கொடுக்க வேண்டும். அக்கா தன் தங்கையைக் கொடுத்தாள்.

அதுவும் அவள் எதிர் அறையில் சாகக் கிடந்தபோதே கொடுத்தாள். மூச்சு வாங்கும்போது அவள் கழுத்தைச் சாய்ப்பது, போர்வை நுனியை முறுக்குவது எல்லாம் சுடச்சுட நாவலுக்குள் போயின. "எழுதும்போது நீ வேற ஆளுக்கா. என் அக்காவை எங்க ஒளிச்சு வெச்சிருக்க?" என்று தங்கை கிண்டல் செய்வாள். கடைசி நாள் சாயங்காலம் தண்ணீர் கேட்டாள். "இதோ, ஒரு வரி," என்றாள் அக்கா. அந்த வரி நன்றாக வந்தது. அடுத்ததும் வந்தது. எழுந்து போனபோது தங்கையின் உதடுகள் காய்ந்திருந்தன, கூப்பிட்டதற்குப் பதில் இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னது பச்சைப் பொய். நாவலிலாவது தங்கை இருந்துவிட்டுப் போகட்டும் என்றுதான் விட்டிருந்தாள்.

மேசைமுன் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கூடத்தில் அம்மாவின் நாற்காலியும், அதைத் தாண்டி, திறந்து கிடந்த கதவு வழியே தங்கையின் கட்டிலும் தெரியும்.

"ஏம்மா, தங்கச்சி தண்ணி கேக்கிறாளே. காதுல விழலையா?" என்றாள் அம்மா.

"யாரும்மா கேக்கிறா?"

"அவதான். மத்தியானமும் கேட்டா. சுவத்தப் பிடிச்சுக்கிட்டுப் போய்க் குடுத்தேன். இப்ப முடியலம்மா, நீ போ."

அம்மாவுக்குச் சில மாதமாகவே நினைவு பிசகுகிறது. அக்கா அந்தக் காரணத்தையே பிடித்துக்கொண்டாள். பிறகு இருமல் கேட்டது. இரண்டு முறை வறண்டு இருமி, மூன்றாவதை அடக்கிக்கொள்ளும் இருமல். அதை அவளே எழுதியிருக்கிறாள்.

"அக்கா, தண்ணி."

உருமாறி. தன் உருவத்துக்குத் திரும்பாமல் நிற்பது. ஒரு பக்கம் எழுதினால் போய்விடும். அவள் விசைப்பலகையில் வேகமாகத் தட்டினாள்.

"அக்கா."

"இதோ, ஒரு வரி."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே விழுந்தது. ஆனாலும் விரல்கள் நிற்கவில்லை. வரி நன்றாக வந்துகொண்டிருந்தது. *முதலில் சுண்டுவிரல் நகம் கலைந்தது.*

சமையலறையில் குழாய் திறந்தது.

தண்ணீர் நிறையும் சத்தம். குழாய் மூடியது. காலடிகள். இடது செருப்பு தேய்ந்து இழுபடும் காலடி.

அவளுடைய சொந்தக் காலடி.

"வந்துட்டியா கண்ணு," என்றாள் அம்மா, நிம்மதியாக.

கூடத்தைக் கடந்து அக்கா போனாள். மேசைமுன் இருந்தவள் கட்டியிருந்த அதே புடவை. அதே கலைந்த கொண்டை. இடது கையில் தம்ளர். ஐந்து விரலும் மடங்கி அதைப் பற்றியிருந்தன. கட்டிலிலிருந்து மெலிந்த இடது கை ஒன்று நீண்டு வாங்கிக்கொண்டது. அந்தக் கையிலும் ஐந்து விரலும் மடங்கின.

மேசைமுன் இருந்தவள் கத்த வாயைத் திறந்தாள். குரல் இல்லை. இடது கையை இறுக்கினாள். நான்கு விரல்கள் மடங்கின. சுண்டுவிரல் நீட்டிக்கொண்டு நின்றது. அதன் நகம் கலையத் தொடங்கியிருந்தது.