கையால் பேசும் ஜிராக்குகள்

பட்டாணியின் அண்ணனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாதாரணமாகக் கட்டவில்லை. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, ஒரு வாரத்துக்கு ஒரு வார்த்தைகூடப் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்.

காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க அவன் ராக்கெட்டாக இருந்தான். ராக்கெட் கிளம்பும் சத்தம், எரிகல் மோதும் சத்தம், எந்திரம் வெடிக்கும் சத்தம் எல்லாம் அவன் ஒருவன் வாயிலிருந்தே வந்தன. தொண்டை என்ன, இரும்பிலா செய்திருக்கிறது?

எல்லாம் அந்த விண்வெளி விளையாட்டுக்காகத்தான். அதற்குப் பலகை கிடையாது, காய் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் போட்டுக்கொண்டு, ‘நான் கதவைத் திறக்கிறேன்’, ‘நான் ஓடிப் போய் ஒளிகிறேன்’ என்று சொல்வார்கள். அது பலிக்குமா பலிக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். கதை சொல்வது எப்போதும் அண்ணன்தான். அவன் சொல்ல ஆரம்பித்தால் பட்டாணி கொட்டாவி விடக்கூட மறந்துவிடுவாள்.

கப்பலின் கேப்டன், அண்ணனின் உயிர் நண்பன் நெட்டை. பெயரைக் கேட்டாலே ஆள் எப்படி இருப்பான் என்று தெரிந்துவிடும். துப்பாக்கி வீராங்கனை எதிர்வீட்டு அக்கா. அந்த அக்காவை எல்லோரும் அவசரம் என்றுதான் கூப்பிடுவார்கள். பட்டாணிக்குப் பத்து வயது, எல்லோரிலும் சிறியவள். அதனால் கப்பலில் சமையல்காரி வேலை கொடுத்திருந்தார்கள்.

இப்போது பிரச்சினை என்னவென்றால், நெட்டையின் அப்பாவுக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. திங்கட்கிழமை காலையில் லாரி வருகிறது. ஞாயிற்றுக்கிழமைதான் கடைசி ஆட்டம். கப்பலும் கடைசிக் கிரகத்தில் வந்து நிற்கிறது. அதைத் தாண்டினால்தான் கதை முடியும். கதை சொல்கிறவனுக்கோ குரலே இல்லை.

எழுதிக் காட்டினால் என்ன என்று அவசரம் கேட்டாள். சனிக்கிழமை காலையில் முயன்றும் பார்த்தார்கள். அண்ணன் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் அவசரம் இரண்டு பேரைச் சுட்டுவிட்டாள். அதில் ஒருவர் அவர்கள் கப்பல் ஆளே.

நெட்டை கோபப்படவில்லை. “பரவால்லடா, விடு. முடியலன்னா என்ன?” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான். அவன் போன பிறகு அண்ணன் போர்வையை முகம் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டான். போர்வைக்குள் என்ன நடக்கிறது என்று பட்டாணிக்குத் தெரியாதா? அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுது என்ன ஆகப்போகிறது என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு, விளையாட்டுப் பெட்டியோடு வந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினாள். கடைசிக் கிரகத்தில் இருப்பவர்கள் ஜிராக்குகளாம். அவர்களைப் பற்றி மொத்தமே இவ்வளவுதான் போட்டிருந்தது: ‘பேசத் தெரியாத முரடர்கள். கண்டவுடன் சுடவும்.’

பட்டாணிக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. போர்வையை இழுத்துவிட்டு அண்ணனிடம் புத்தகத்தை நீட்டினாள்.

“ஏண்ணா, பேசத் தெரியாதுன்னா முரடர்களா? படத்தைப் பாரு. எவ்ளோ பெரிய ஊர் கட்டியிருக்காங்க, பாலம் எல்லாம் இருக்கு. பேசாம எப்படிப் பாலம் கட்ட முடியும்? ஒரு ஜிராக்கு அம்மா தன் பிள்ளையை எப்படிச் சாப்பிடக் கூப்பிடுவா?”

அண்ணன் தோளைக் குலுக்கினான். ஆனால் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

மதியம் பட்டாணி அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு போனாள். அம்மா ஒரு நெசவு ஆலையில் தறி ஓட்டுகிறார். போர்வைத் துணி நெய்யும் ஆலை அது. உள்ளே காலை வைத்தால் போதும், தடதடவென்று சத்தம் காதை அடைத்துவிடும். பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒன்றும் கேட்காது. காற்றில் பஞ்சு பறக்கும். எல்லார் தலையிலும் வெள்ளையாக ஒட்டிக்கொண்டிருக்கும்.

எத்தனையோ தடவை வந்த இடம்தான். ஆனால் இன்று பட்டாணி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அம்மா இரண்டு விரலைக் கத்தரி மாதிரி வைத்துக் காட்டினார். தள்ளி நின்ற பெரியம்மா ஒருவர் திரும்பிப் பார்த்து, தன் தறியில் நூல் அறுந்திருப்பதைக் கண்டு நிறுத்தினார். பிறகு ஏதோ கேலியாகக் கையை ஆட்டினார். மூன்று தறிகளுக்கு அப்பால் ஒரு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒருவர் இரண்டு கையிலும் நூல்கண்டுகளோடு வந்தார். அம்மா அவரிடம் ஏதோ கேட்டார். பதில் சொல்வதற்காக அவர் அத்தனை கண்டுகளையும் கீழே வைத்தார். சொன்னார். மறுபடியும் எல்லாவற்றையும் பொறுக்கிக்கொண்டு போனார். இவ்வளவுக்கும் ஒருவர் வாயும் திறக்கவில்லை.

வெளியே மரத்தடியில் சாப்பிடும்போது, அம்மா நாள் முழுக்கப் பேசாமல் எப்படி இருக்கிறார் என்று பட்டாணி கேட்டாள். அம்மா சிரித்தார்.

“பேசாம இருக்கோம்னு யார் சொன்னா? காலையில ஆரம்பிச்சா சாயங்காலம் வரைக்கும் பேச்சுத்தான். கை நிறைய வேலை இருந்தாத்தான் வாயடைச்ச மாதிரி இருக்கும்.”

பட்டாணி பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் வீட்டுக்கு ஓட்டம் பிடித்தாள்.

மாலை முழுக்க அண்ணனும் அவளும் ஜிராக்குகளைப் புதிதாகச் செய்தார்கள். அவள் பேசினாள், அவன் எழுதியும் வரைந்தும் காட்டினான். அந்தக் கிரகத்தில் எப்போதும் பேய்க்காற்று ஊளையிடுகிறது. அங்கே யார் கத்தினாலும் யாருக்கும் கேட்காது. அதனால் ஜிராக்குகளுக்குக் குரலே தேவைப்படவில்லை. எல்லாவற்றையும் கையால் பேசிக்கொள்கிறார்கள். அண்ணன் ஆளுக்கு ஆறு கை வரைந்தான். ஆறு கை இருந்தால் ஒரே நேரத்தில் மூன்று சண்டை போடுவார்கள், இரண்டே போதும் என்று பட்டாணி அழித்துவிட்டாள்.

ஜிராக்குக் குழந்தைகள் அடம் பிடித்தால் கையைக் காற்றாடி மாதிரி சுழற்றும். ‘மெதுவா ஆட்டு, பக்கத்து வீட்டுக்குத் தெரியும்’ என்று அம்மாக்கள் கண்டிப்பார்கள். ரகசியம் பேசுகிறவர்கள் ஒரே பைக்குள் கையை விட்டுக்கொள்வார்கள். கையில் எதையாவது பிடித்துக்கொண்டு ஒருவர் எதிரில் போய் நிற்பது அங்கே பெரிய மரியாதைக் குறைவு. ‘உன்னோடு எனக்குப் பேச்சில்லை’ என்று அர்த்தம். ஊரில் யாருக்காவது ஏதாவது அறுந்தால், உடைந்தால், பார்த்தவர் இரண்டு கையையும் உயர்த்துவார். உடனே ஊரே வேலையை நிறுத்திவிட்டு உதவிக்கு வரும்.

எழுதி முடித்ததைப் படித்துப் பார்த்தபோது பட்டாணிக்கே ஆச்சரியமாக இருந்தது. இப்படிப்பட்ட ஊரில் போய் இருக்கலாம் போல ஆசையாக இருந்தது அவளுக்கு. அண்ணன் அவள் தலையைக் கலைத்துவிட்டு, ‘நாளைக்கு நீ கதை சொல்லு. நான் ஜிராக்குத் தலைவர்’ என்று எழுதிக் காட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை நெட்டையும் அவசரமும் வந்து பாயில் உட்கார்ந்தார்கள். சமையல்காரி கதை சொல்லப்போகிறாள் என்றதும் அவசரம் உதட்டைப் பிதுக்கினாள். பட்டாணி எழுதியதை இரண்டு தடவை புரட்டிப் பார்த்துக்கொண்டாள். ஆனால் ஆரம்பித்த பிறகு கதை அவளைத் தானாக இழுத்துக்கொண்டு போனது.

“கதவு திறக்குது. வெளிய பயங்கரக் காத்து. நீங்க ரெண்டு பேரும் துப்பாக்கியோட இறங்குறீங்க. எதிர்ல ஜிராக்குகள் கூட்டமா வர்றாங்க. நடுவுல தலைவர்.”

அண்ணன் எழுந்து நின்றான். முகத்தில் சிரிப்பே இல்லை. மெதுவாக இரண்டு கைகளையும் மேலே உயர்த்தினான்.

“அடிக்க வர்றான், சுடறேன்” என்று அவசரம் பகடையை வீசியே விட்டாள். நல்லவேளை, எண் குறைவாக விழுந்தது. குண்டு ஒரு பாலத்துத் தூணில் பட்டது என்றாள் பட்டாணி. ஜிராக்குகள் ஓடவில்லை, திருப்பித் தாக்கவும் இல்லை. தலைவர் மறுபடியும் கையை உயர்த்தினார்.

நெட்டை வாய்விட்டுக் கேட்டுப் பார்த்தான். நாங்கள் நண்பர்கள், உங்களுக்கு என்ன வேண்டும் என்றான். காற்றில் எதுவும் கேட்கவில்லை என்று பட்டாணி சொல்லிவிட்டாள். அவசரம் மறுபடியும் பகடையைக் கையில் எடுத்தாள்.

பட்டாணிக்கு விஷயத்தைச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துடித்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடும். ஆனால் சொல்லிவிட்டால் நெட்டை அண்ணா கண்டுபிடித்ததாக ஆகாதே. அவனுடைய கடைசி ஆட்டம் இது. உதட்டைக் கடித்துக்கொண்டு இவ்வளவு மட்டும் சொன்னாள்: “அவங்க யாரும் உங்க முகத்தைப் பாக்கல. உங்க கையைத்தான் பாத்துக்கிட்டிருக்காங்க.”

“இரு, இரு” என்று நெட்டை அவசரத்தின் மணிக்கட்டைப் பிடித்தான். ஜிராக்குத் தலைவராக நின்ற நண்பனை மேலும் கீழும் பார்த்தான். தன் கையையும் பார்த்தான். அங்கே துப்பாக்கி எதுவும் இல்லைதான். ஆனால் கதையில் இருந்ததே.

“நான் என் துப்பாக்கியைக் கீழ வைக்கறேன்.”

“பைத்தியமா உனக்கு? செத்துடுவ” என்றாள் அவசரம்.

“செத்தா சாகறேன். கேப்டன் சொல்றேன், நீயும் வை.”

அவசரம் முணுமுணுத்துக்கொண்டே வைத்தாள். அவ்வளவுதான், அண்ணனின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்த பேச்சையெல்லாம் கைகள் கொட்ட ஆரம்பித்தன. விரல்கள் கத்தரியாயின. ஒரு கை கப்பலைக் காட்டியது. ஒரு கை நெஞ்சில் ஏறி ஏறி இறங்கியது. கன்னத்தைப் புஸ்ஸென்று உப்பி, காற்றை விட்டான்.

“வெட்டுது... எங்க கப்பலை வெட்டப் போறியா?” என்றாள் அவசரம். அண்ணன் தலையைப் பலமாக ஆட்டி மறுத்தான்.

நெட்டை கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தான். “அறுந்திருக்கு. எங்க கப்பல்ல ஏதோ அறுந்திருக்கு. மூச்சு... காத்துக் குழாய். எங்க காத்துக் குழாய் அறுந்து காத்து வெளிய போகுது. அதைச் சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தீங்களா?”

அண்ணன் குதித்தே விட்டான். பிறகு ஜிராக்குகள் எல்லோரும் வந்தார்கள் என்று பட்டாணி சொன்னாள். பாலத்து வேலை நின்றது, வயல் வேலை நின்றது. ஊர் முழுக்க வந்து குழாயை ஒட்டி, இறுக்கிக் கட்டி, முடிச்சுப் போட்டுக் கொடுத்தது. கூலி கேட்கவில்லை, பெயரும் கேட்கவில்லை. நெட்டை அதைக் கேட்டுக்கொண்டே இருந்தான். எத்தனையோ கிரகம் பார்த்தாயிற்று, இந்த மாதிரி மனிதர்களைப் பார்த்ததில்லை என்றான். மனிதர்கள் என்றுதான் சொன்னான். யாரும் அவனைத் திருத்தவில்லை.

அவசரம் மட்டும் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள்.

“பாவம், நான் சுட்டுட்டேனே. இவங்க ஊர்ல மன்னிப்பு எப்படிக் கேக்கறது?”

பட்டாணி நேற்று அதை யோசிக்கவே இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தான். பிறகு அவசரத்தின் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் உள்ளங்கைகள் மேல் வைத்துக்கொண்டான். என் கையை உன்னிடம் கொடுத்துவிட்டேன், இனி நீ பேசு, நான் கேட்கிறேன் என்று பட்டாணி அதற்கு விளக்கம் சொன்னாள். அவசரம் கையை எடுக்காமல் வெகுநேரம் அப்படியே இருந்தாள். அவள் வாழ்க்கையிலேயே இவ்வளவு நேரம் சும்மா இருந்தது அன்றைக்குத்தான்.

“கப்பல் தயார். இனிமே வீட்டுக்குத்தான். கதை முடியுது” என்றாள் பட்டாணி. “யார் யார் ஏறுறீங்க?”

நான் ஏறிவிட்டேன் என்றாள் அவசரம். நெட்டை பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தான்.

“கேப்டன்?” என்றாள் பட்டாணி.

“கேப்டன் ஏறல” என்றான் நெட்டை. “நான் நாளைக்குப் போய்த்தான் ஆகணும். அதுக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது. ஆனா கேப்டன் எதுக்குப் போகணும்? அவன் இங்கயே இருக்கட்டும். நீங்க எப்ப விளையாடினாலும் அவன் இங்க இருப்பான்ல?”

இதற்குப் பகடை போட வேண்டுமா என்று அவசரம் கேட்டாள். அவள் கண்ணும் சிவந்திருந்தது. வேண்டாம் என்றாள் பட்டாணி. இது பகடை சொல்ல வேண்டிய விஷயம் இல்லை, ஊர்க்காரர்கள் சொல்ல வேண்டிய விஷயம். மூன்று பேரும் ஜிராக்குத் தலைவரைப் பார்த்தார்கள்.

அண்ணன் கையைத் தூக்கவே இல்லை. பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, பக்கத்தில் இடம் விட்டான். நெட்டை எழுந்து போய் அங்கே உட்கார்ந்துகொண்டான்.