இரண்டாவது சிம்

கண்மணி ஆம்புலன்சிலேயே செத்துப்போனாள்.

ரவாங் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நின்றபோது காலை பத்தேகால். ஓட்டி வந்த டிரைவர் அழகேசன்... அவள் புருஷன்!

போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் துளசி. ஆம்புலன்சில் இணையப் பெட்டி பொருத்திய உதயனையும் வரவழைத்திருந்தாள்.

உதயனைப் பார்த்ததும் அழகேசன் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"அண்ணே, பொறுங்க லா..." என்றான் உதயன்.

"இவன்தான் மேடம் கொன்னான். எங்க ஊரு அசாம் ஜாவாவுல நெஞ்சுவலின்னு இவள ஏத்துனேன். டாக்டர் வீடியோவுல என்ன ஊசின்னு சொல்லச் சொல்ல நர்ஸ் போட்டுச்சு. எஸ்டேட் ரோட்டுல படம் நின்னுபோச்சு. பதினோரு நிமிஷம்... அதுக்குள்ள போய்ட்டா. இவன உள்ள தள்ளுங்க."

மலை மாதிரி ஆள். ஆஸ்பத்திரி வாசலில் தேம்பித் தேம்பி அழுதான். பார்க்கச் சகிக்கவில்லை.

துளசி உதயனிடம் திரும்பினாள். "வண்டி ஓட ஓட லைன் அறுபடக் கூடாதுன்னுதானே இந்தப் பெட்டி?"

"ஆமா மேடம். உள்ள ரெண்டு கம்பெனி சிம். ஒண்ணோட டவர் தூரமாப் போறதுக்குள்ள மத்தது பிடிச்சுக்கும். டாக்டருக்கு மாறினதே தெரியாது. அந்த எஸ்டேட் ரோட்டுல ரெண்டாவது சிம்முக்கு மட்டும்தான் லைன்."

"அப்புறம் ஏன் நின்னுச்சு?"

உதயன் பெட்டியைக் கழற்றிக் காட்டினான். இரண்டாவது சிம் இருக்கவேண்டிய இடம்... காலி!

"யாரோ எடுத்திருக்காங்க மேடம்."

அழகேசனின் பிடி தளர்ந்தது.

"அந்த நம்பரச் சொல்லுங்க." துளசி தன் போனில் அழுத்தினாள்.

மணி அடித்தது.

பக்கத்திலேயே!

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பை அழகேசன் கையில் இருந்தது. உள்ளே கண்மணியின் செருப்பு, வளையல்... அவள் போன்.

அழகேசன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"எங்க எஸ்டேட் லயத்து வீட்டுல அவ போனுக்கு லைனே கிடைக்காது மேடம். மக நித்தியா ஜொகூர்ல படிக்குது. பேச முடியலன்னு தெனம் அழுவா. பெட்டியிலதான் ரெண்டு இருக்கே, ஒண்ணு ஸ்பேர் டயர் மாதிரின்னு நெனச்சு... நாந்தான் கழட்டி அவளுக்குப் போட்டேன். ஞாயித்துக்கெழம ஒன்றரை மணி நேரம் பேசினா. அவ்வளவு சந்தோஷம்."

உதயன் சட்டையைச் சரிசெய்யக்கூடத் தோன்றாமல் நின்றான். துளசி விலங்கைத் தொடவில்லை. இவனுக்கு இதற்குமேல் என்ன தண்டனை!

தன் அழைப்பைத் துண்டிக்க அவள் மறந்திருந்தாள். பைக்குள் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"லைன் நல்லாத்தான் கிடைக்குது மேடம்," என்றான் அழகேசன். "எடுக்கத்தான் ஆளில்ல."