ஆமைக்கு நாமம் போட்டது யார்?

ஆமைக்கு யாராவது நாமம் போடுவார்களா? நீங்களே சொல்லுங்கள்.

யானைக்குப் போடுவார்கள், பார்த்திருக்கிறேன். கோயில் மதிலில் போடுவார்கள். சில வீடுகளில் இரும்பு பீரோவுக்குக்கூடப் போட்டிருப்பார்கள். ஆனால் பெசன்ட் நகர் கடற்கரையில், செத்து ஒதுங்கிய கடலாமையின் முதுகில், வெள்ளையும் சிவப்புமாகப் பளபளவென்று ஒரு நாமம்! அதுவும் ஒன்றில் இல்லை. அங்கே கிடந்த அத்தனை ஆமைகளின் முதுகிலும்!

எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்தியால் இல்லை, எரிச்சலால்.

என் பெயர் அனுப்ரியா. அடையாறில் ஆறாம் வகுப்பு படிக்கிறேன். என் எரிச்சல் உங்களுக்குப் புரிய வேண்டுமென்றால், முதலில் ஒரு சிவப்புப் புள்ளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றத்தை நடத்துபவர் சீதா மிஸ். மார்கழி, தை மாதங்களில் கடலாமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும். வருகிற வழியில் சில ஆமைகள் பெரிய படகுகளின் வலையில் மாட்டிக்கொள்ளும். மூச்சுவிட மேலே வர முடியாமல் செத்துப்போகும். அலை அவற்றைக் கரையில் கொண்டுவந்து போட்டுவிடும். இதையெல்லாம் மிஸ்தான் சொன்னார்.

"இன்டர்நெட்ல ஒரு பக்கம் இருக்கு. அவங்கவங்க கடற்கரையில எத்தனை ஆமை ஒதுங்குச்சுன்னு எல்லா நாட்டுக்காரங்களும் அதுல எழுதுறாங்க. யார் வேணும்னாலும் எழுதலாம், யார் வேணும்னாலும் பார்க்கலாம்" என்றார் மிஸ்.

அந்தப் பக்கத்தை அச்சடித்துக் காட்டினார். உலக வரைபடம். எழுதி அனுப்பிய ஒவ்வொரு கடற்கரைக்கும் ஒரு சிவப்புப் புள்ளி. இலங்கையில் புள்ளி இருந்தது. ஒரிசாவில் இருந்தது. சென்னையில் மட்டும் ஒன்றுமே இல்லை!

"அப்போ இங்க ஆமையே சாகலைன்னு நினைச்சுக்குவாங்களா மிஸ்?" என்று கேட்டேன்.

"நினைச்சுக்குவாங்க. வாராவாரம் எண்ணி அனுப்பினா நமக்கும் புள்ளி வரும். புதுக் கடற்கரைன்னா முதல் மாசம் ஒரு வாரம்கூட விடக் கூடாது. விட்டா புள்ளியை எடுத்துடுவாங்க. அடுத்த வருஷம்தான் மறுபடி. யார் செய்யறீங்க?"

நான் கையைத் தூக்கினேன். பக்கத்தில் இருந்த சகினாவின் கையையும் பிடித்துத் தூக்கினேன்.

"அடிப்பாவி!" என்றாள் சகினா.

ஒரே ஒரு விதிதான் முக்கியம். ஓர் ஆமையை ஒரு முறைதான் எண்ண வேண்டும். எண்ணி முடித்ததும் அதன் முதுகில் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுவிட வேண்டும். அடுத்த வாரமும் அது அங்கேயே கிடந்தால், குறியைப் பார்த்து விட்டுவிடலாம்.

முதல் ஞாயிறு காலை சகினாவும் நானும் போனோம். துணைக்கு வந்த அப்பா, மூக்கில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு பின்னால் தள்ளியே நடந்தார். இரண்டு ஆமைகள் கிடந்தன. முதல் ஆமையின் கண் பாதி திறந்திருந்தது. குறி போடக் குனிந்த நான் நிமிர்ந்துவிட்டேன். சகினா தூரிகையை என்னிடமிருந்து வாங்கி, அவளே குறி போட்டாள்.

அனுப்புவதுதான் பெரும்பாடு. அப்பாவுக்குத் தியாகராய நகரில் ஜவுளிக்கடை. கடைக் கணக்குக்காக வாங்கிய கணினி வீட்டில் இருக்கிறது. தொலைபேசிக் கம்பியில் மாட்டிய மோடம் கீச்சு கீச்சென்று கத்தி, உறுமி, இழுத்துப் பிடித்து இணைப்பு கொடுப்பதற்குள் உயிர் போய்விடும். கொடுத்த அடுத்த நொடி அம்மா ஹாலில் தொலைபேசியை எடுப்பாள். அவ்வளவுதான், எல்லாம் அறுந்துவிடும்.

"அம்மா! ஃபோனை எடுக்காதேன்னு சொன்னேன்ல!"

"ஒரே நிமிஷம்டி. கோமளத்துக்கு ஒரு விஷயம் சொல்லணும்."

அம்மாவின் ஒரு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். எப்படியோ அனுப்பினேன். இரண்டு நாளில் எங்கள் கடற்கரைக்குப் புள்ளி வந்துவிட்டது! சகினாவைக் கூட்டிவந்து காட்டினேன்.

"இவ்வளவுதானா? கொசு உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றாள். ஆனாலும் விரலால் அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

அடுத்த ஞாயிறு போனால்தான் அந்த நாமங்கள்! மொத்தம் ஐந்து ஆமைகள். ஐந்திலும் நாமம். பெருக்கல் குறி எதிலும் இல்லை. இரண்டில் பெயிண்ட் இன்னும் காயவே இல்லை. சகினா தொட்டுப் பார்த்துவிட்டு, சிவந்த விரலை என் மூக்குக்கு முன்னால் நீட்டினாள்.

"இப்போ எது பழசு, எது புதுசு?" என்றேன்.

"அஞ்சுல ரெண்டு போனா மூணு. மூணுன்னு அனுப்பிடு."

"போன வாரத்து ஆமைங்க ரெண்டும் இன்னும் இங்கேயே கிடக்குதுன்னு உனக்கு எப்படித் தெரியும்? அலை இழுத்துட்டுப் போயிருந்தா? கார்ப்பரேஷன்காரங்க புதைச்சிருந்தா?"

"அப்போ அஞ்சுன்னு அனுப்பு."

"போன வாரம் செத்த ஆமை இந்த வாரமும் ஒரு தடவை சாகுமாடி?"

"என் மேல ஏன் எரிஞ்சு விழற? நானா நாமம் போட்டேன்?" என்றாள் சகினா. அதுவும் நியாயம்தான்.

அப்பா கைக்குட்டைக்குள்ளேயே சிரித்தார். "மொத்தத்துல உங்க கணக்குக்குப் பட்டை நாமம்!"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. திங்கட்கிழமை மாலைக்குள் அனுப்ப வேண்டும். தப்பாக அனுப்பினால் பொய். அனுப்பாவிட்டால் புள்ளி போய்விடும். யாரோ பொழுதுபோகாமல் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்ததற்கு எங்கள் புள்ளி போக வேண்டுமா?

"பெயிண்ட் காயலைன்னா, போட்டவர் காலையில சீக்கிரமே வர்றவர். நாளைக்கு வெளுத்ததும் போய்ப் பார்க்கலாம்பா" என்றேன்.

"நாளைக்கு ஸ்கூல் இருக்கே?"

"அதுக்குள்ள வந்துடலாம்."

அப்பா பெருமூச்சு விட்டார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

திங்கள் காலை ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். பஞ்சகச்சம், நெற்றியில் நாமம், கழுத்தைச் சுற்றி அங்கவஸ்திரம். ஆமைக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு, சிவப்புக் கோட்டை மறுபடி தீட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா! என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "பார்த்தா தெரியலையா கொழந்தே? பகவானுக்குத் திருமண் இடறேன். கூர்மாவதாரமாச்சே! யாரோ ஒரு அசடு அவர் முதுகுல பெருக்கல் குறி போட்டுட்டுப் போயிருக்கு. பரீட்சைப் பேப்பர்ல தப்புக்குப் போடற மாதிரி! மண்ணெண்ணெய் போட்டுத் தொடைச்சேன், கை வலியே வந்துடுத்து."

"அந்த அசடு நான்தான்" என்றேன்.

அப்பா அவசரமாகக் கடலைப் பார்த்தார்.

நான் கொட்டித் தீர்த்தேன். ஆமை, வலை, வரைபடம், புள்ளி, ஒரு முறைதான் எண்ண வேண்டும் என்ற விதி, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். கடைசியில், "உங்களால இப்போ எங்க கடற்கரையே காணாமப் போகப்போகுது!" என்றேன்.

"கத்தாதே கொழந்தே. அதுக்காக நான் பெருக்கல் குறி போட விட முடியுமா? இன்னும் எத்தனை போட்டாலும் தொடைப்பேன். எங்காத்து கேட்டுக்கு அடிச்ச பெயிண்ட் நிறைய மிச்சம் இருக்கு."

இவரிடம் என்ன பேசுவது! நான் திரும்பி நடக்கப் பார்த்தேன். அப்போது மாமா மடியிலிருந்து ஒரு துளசிக் கொத்தை எடுத்து ஆமையின் தலைக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு நிமிடம் கண்ணை மூடி நின்றார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றி ஓடினார்கள். அந்த ஆமைக்குப் பக்கத்தில் நின்றது அவர் மட்டும்தான்.

எனக்குச் சட்டென்று ஒன்று தோன்றியது.

"மாமா, நீங்க தினமும் வருவீங்களா?"

"மழையானாலும் வருவேன். என் பேர் ஸ்ரீரங்கன். பீச்சுல யாரை வேணா கேட்டுப் பாரு."

"எந்த ஆமைக்கு எப்போ முதல்ல போட்டீங்கன்னு ஞாபகம் இருக்கா?"

"மறக்குமா? அதோ அது, ஏகாதசி அன்னிக்கு வந்தது. அந்தப் பக்கம் இருக்கறது மாட்டுப் பொங்கலுக்கு. இந்த ரெண்டும் நேத்திக்குத் தை அமாவாசைக்கு. தர்ப்பணம் பண்ண வந்தேனா, ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துல ஒதுங்கியிருந்தா."

"நான் குறி போட்டது?"

"நீ ரெண்டு போட்டே. ஒண்ணை அன்னிக்கே அலை இழுத்துண்டு போயிடுத்து. இதோ இருக்கே, இதைத்தான் தொடைச்சேன்."

அப்படியென்றால் புதியவை நான்கு! மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை. சகினா சொன்ன இரண்டில் எதை அனுப்பியிருந்தாலும் தப்பாகியிருக்கும்.

எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. செத்த ஆமைக்குப் பக்கத்தில் குதிப்பது சரியில்லை என்று அடக்கிக்கொண்டேன்.

"மாமா, இனிமே நான் பெருக்கல் குறி போடலை. நீங்களே நாமம் போடுங்க. அதுதான் எங்க அடையாளம். ஆனா ஒரு நிபந்தனை."

"நிபந்தனை வேறயா? சொல்லு."

"ஒரு ஆமைக்கு ஒரு தடவைதான். தினமும் மேல மேல தீட்டக் கூடாது. ஈரமா இருந்தா புதுசுன்னு குழம்பிடுவோம். எந்த ஆமை என்னைக்கு வந்ததுன்னு ஞாயித்துக்கிழமை எங்ககிட்ட சொல்லணும்."

மாமா தூரிகையைப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார். "மங்கிப்போனா?"

"போகட்டும் மாமா."

பிறகு டப்பாவை மூடினார்.

அன்று மாலை சகினாவும் நானும் நாள்காட்டியைப் பார்த்து, ஏகாதசிக்கும் மாட்டுப் பொங்கலுக்கும் அமாவாசைக்கும் ஆங்கிலத் தேதி கண்டுபிடித்தோம். இணையப் பக்கத்துப் படிவத்தில் 'என்ன அடையாளம் இட்டீர்கள்?' என்று ஒரு கட்டம் இருந்தது. நாமத்தை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? விசைப்பலகையில் ஒரு சாய்வுக்கோடு, ஒரு நேர்க்கோடு, எதிர்ப்பக்கம் இன்னொரு சாய்வுக்கோடு தட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. அனுப்பும் பொத்தானை அழுத்தப் போனேன்.

ஹாலில் 'டிங்' என்று ஒரு சத்தம். இணைப்பு அறுந்தது.

"அம்மா!"

"ஐயோ, மறந்துட்டேன்டி! நாமம் போட்டது யாருன்னு கோமளம் கேட்டா..."

எல்லாவற்றையும் மறுபடி தட்டினேன். இந்த முறை சகினா தொலைபேசியை மடியில் வைத்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். போய்ச் சேர்ந்தது! புள்ளி தப்பித்தது.

அடுத்த ஞாயிறு ஸ்ரீரங்கன் மாமா எங்கள் வீட்டுக்கே வந்தார். புள்ளியைப் பார்க்க வேண்டுமாம். அம்மா கொடுத்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு திரைக்கு முன்னால் குனிந்தார். நான் புள்ளியை அழுத்தினேன். ஆமைகளைப் பார்த்து எண்ணியவர்களின் பெயர்கள் வந்தன. என் பெயர், சகினாவின் பெயர், அடுத்தது நான் சேர்த்து அனுப்பியிருந்த அவர் பெயர்.

மாமா தன் பெயரை இரண்டு முறை படித்தார். பிறகு மற்ற புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். இலங்கை, ஒரிசா, ஆஸ்திரேலியா, பெயரே தெரியாத குட்டிக் குட்டித் தீவுகள்.

"இங்கெல்லாமும் ஒதுங்கறதா?"

"ஆமா மாமா."

"ஏம்மா," என்றார் மெதுவாக, "அங்கெல்லாம் யார் துளசி வைக்கறா?"

அவர் கையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.

"கேட்டுடலாம் மாமா" என்றேன். அந்தப் பக்கத்தை நடத்துகிறவர்களுக்கு அவர் கேள்வியை அப்படியே ஆங்கிலத்தில் தட்டினேன். அம்மா தானாகவே போய்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் காவலுக்கு நின்றாள்.