முறைப்படி ஒரு புகார்

டிரிங்... டிரிங்...

மனித உரிமைப் புகார் பிரிவின் போன் முதல் முறையாக அடித்தது.

அங்கே வேலை பார்த்த பெண் திடுக்கிட்டாள்.

வெளிநாட்டு நிதியில் சாலை போடும் அலுவலகம் அது. பாதிக்கப்பட்டவர்கள் புகார் சொல்ல ஒரு வழி வேண்டும் என்பது நிதி கொடுத்தவர்களின் நிபந்தனை. அதைச் சோதிக்க வந்த அதிகாரியம்மா எதிரே உட்கார்ந்திருந்தார்.

திட்ட இயக்குநர் மட்டும் பதறவில்லை. பொய்ப் புகார் சொல்லத் தன் மச்சானை ஏற்பாடு செய்தவரே அவர்தான்.

"ஸ்பீக்கர்ல போடும்மா," என்றார் அவர்.

"அம்மா... நிலத்தைத் தரமாட்டேன்னு சொன்னேன். உங்க காவலாளிங்க கன்டெய்னர்ல போட்டுப் பூட்டிட்டாங்க... கொதிக்குது... காத்தே இல்ல..."

"இந்த நம்பர் எப்படிக் கிடைச்சுது?" என்று கேட்டாள் பெண்.

"உங்க போஸ்டர் கட்டு மேலதான் உக்காந்திருக்கேன். அதுல இருக்கு..."

இயக்குநர் அசந்துபோனார். வெறும் தூசிப் பிரச்சினையைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தார். பயல் பின்னுகிறானே...

"ஆள் அனுப்பட்டுமா சார்?" பெண் நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"ஒத்திகைதாம்மா, நம்ம ஆள்தான்," என்று இயக்குநர் கிசுகிசுத்தார். அதிகாரியம்மா காதிலும் அது விழுந்தது. "முறைப்படி கேளு."

அவள் புகார்ப் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள். "உங்க பேரு ரகசியமா இருக்கும். பதில் எந்த மொழியில வேணும்?"

"கதவைத் திறங்கம்மா..."

"அதை ஆலோசனைன்னு பதிவு பண்ணிக்கவா?"

இருமல். ஏதோ சரியும் சத்தம். பிறகு... அமைதி.

"அருமையான ஒத்திகை," என்றார் அதிகாரியம்மா, கண்களைத் துடைத்தபடி.

இயக்குநர் நெளிந்து சிரித்தார்.

அலுவலகக் கதவு திறந்தது.

மச்சான்!

"கோவிச்சுக்காதீங்க மாமா. தூங்கிட்டேன். இப்ப இங்கிருந்தே போன் போடட்டுமா?"

இயக்குநரின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"அப்ப... உள்ள இருக்கறது யாரு?" அதிகாரியம்மா எழுந்தார்.

"எல்லாம் ஒத்திகை மேடம்... நாளைக்குப் பார்த்துக்கலாம்..." என்று இயக்குநர் குறுக்கே வந்தார்.

பெண் காத்திருக்கவில்லை. அலுவலகத்துக்குப் பின்னால், போஸ்டர் கட்டுகளை அடுக்கி வைத்திருந்த கன்டெய்னரை நோக்கி ஓடினாள். கிடைத்த கடப்பாரையால் பூட்டை உடைத்தாள்.

உள்ளே, பிரிக்காத போஸ்டர்களின் மேல் ஒரு விவசாயி சுருண்டு கிடந்தார்.

முகத்தில் தண்ணீர் தெளித்தாள். ஒரு விரல் அசைந்தது. கண் திறந்தது.

அதிகாரியம்மா போலீசிடம் போனில் பேசிக்கொண்டே வந்தார். பின்னாலேயே இயக்குநர், மூச்சிரைக்க.

"புகாரைத் தீர்த்துட்டோம்யா," என்று குனிந்தார். "நம்ம சேவை எப்படி இருந்துச்சுன்னு மேடம்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடு."

விவசாயி மெதுவாக எழுந்து வெளியே வந்து, கதவை அகலத் திறந்துவிட்டார்.

"பெட்டி இப்ப காலிதான் சார். நீங்களே உள்ள போய் ஒரு போன் போட்டுப் பாருங்களேன்."