எட்டு கிராம் செவ்வாய்

2023 நவம்பர் 21, தஞ்சாவூர்: செவ்வாய்க் கிரகத்திலிருந்து விழுந்த விண்கல்லின் எட்டு கிராம் துண்டு, நிலவியல் ஆய்வு மாணவி ஜஸீலாவின் பெயரில் இரவலாகக் கல்லூரிக்கு வந்தது. ஒரு சீவலைத் தேய்த்துப் பார்க்கலாம், வெறுங்கை மட்டும் படக்கூடாது என்பது நிபந்தனை.

கையுறை போட்டுக்கொண்டுதான் எடுத்தாள். அறுத்த முகத்தில் கனிம மணிகள் தெளிவாகத் தெரியவில்லை. நனைத்தால் பளிச்சென்று தெரியுமே என்று, எந்தக் கல்லைக் கையிலெடுத்தாலும் செய்கிற பழக்கத்தில், நாக்கால் ஒரு நக்கு நக்கிவிட்டாள். வற்றிய வாய்க்கால் சேற்றில் நத்தை செத்து அழுகுகிற நாற்றம் ருசியாகவே நாக்கில் ஒட்டிக்கொண்டது. யாரும் பார்க்கவில்லை. எச்சில் பட்டது தெரிந்தால் கல்லும் போகும், முனைவர் பட்டமும் போகும்.

மூன்று நாளாகச் சோற்றிலும் அதே ருசி.

நான்காம் நாள் மதியம், ஜன்னலுக்கு வெளியே மழை சாய்ந்து பெய்துகொண்டிருக்க, ஆய்வக உதவியாளர் பஞ்சநதம் அந்தக் கல்லில் ஒரு சீவலைக் கண்ணாடித் தகட்டில் ஒட்டி, தலைமுடியைவிட மெல்லிசாகத் தேய்த்து, மூக்கைப் பொத்தியபடி கொண்டுவந்தார்.

“என்னம்மா கல்லு இது? தேய்க்கறப்ப கொழகொழன்னு வழியுது. உங்க அதிராம்பட்டினத்துக் கருவாட்ட மாத்திக் குடுத்துட்டீங்களா?”

“வச்சுட்டுப் போங்கண்ணே. கருவாடு வேணும்னா நேராக் கேளுங்க.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். அவள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். கல்லின் மணிகள் நீலமும் மஞ்சளும் ரோஜாவுமாக எரிய வேண்டிய இடத்தில், திரிந்த பாலின் நிறத்தில் ஏதோ வெடிப்புகளை நிரப்பிப் பரவியிருந்தது. ஈரமாக. சின்னச் சின்ன மொட்டுகள், வரிசை வரிசையாக. அவை மெல்லச் சுருங்கின. விரிந்தன.

என் எச்சில்தான். என் வாய் அழுக்குதான் கல்லில் வளர்ந்திருக்கிறது. ஒப்பிட்டால் தெரிந்துவிடும் என்று நாக்கைச் சுரண்டி இன்னொரு கண்ணாடியில் தடவி வைத்துப் பார்த்தாள்.

நீலம். மஞ்சள். ரோஜா.

மணியோடு மணி கோத்த கல். பழுதில்லாத கல்.

அப்படியானால் முதல் கண்ணாடியில்? மறுபடி பார்த்தாள். மொட்டுகள். நடுவே ஒரு பள்ளம். நாக்கு.

வாயை மூடினாள். நறநறத்தது. தொட்டிக்கு ஓடித் துப்பினாள். சளி. பிறகு மணல். பிறகு பீங்கானில் ‘டக்’கென்று ஒரு சத்தம்.

“என்னம்மா ஆச்சு?” பஞ்சநதம் வாசலில் நின்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

நாக்கு இருந்த இடத்தில் கல்லை அவர் பார்த்தார். வெளியே போய்க் கதவைப் பூட்டினார்.