ஊதுபத்திக் கம்பெனியும் இன்டர்நெட்டில் வந்த புகாரும்

மகேஸ்வரிக்கு வேலை போன செய்தி, அவள் ஹெப்பாள் பஸ்ஸிலிருந்து இறங்கும் முன்பே எங்கள் தெருவுக்கு வந்துவிட்டது. ஓய்வுபெற்ற ஏட்டு ஜடையன் வீட்டுக்கு அவள் வந்தபோது, எதிர்வீட்டு லிங்கம்மா நாற்காலி போட்டுத் தயாராக இருந்தாள். துப்பறிவதில் உள்ள ஆர்வத்தில் பாதி சமையலில் இருந்திருந்தால் அவள் புருஷன் தேறியிருப்பான்.

"நான் யாருகிட்டயும் சொல்லலைங்கண்ணா" என்றாள் மகேஸ்வரி. அழவில்லை. கடையில் உப்பு கேட்பது போலச் சொன்னாள்.

அந்த 1999இல் ஊதுபத்தி முதலாளி பசவராஜ் இன்டர்நெட்டில் ஒரு பக்கம் திறந்திருந்தார். பெருமைக்குச் சில படங்கள், வாடிக்கையாளர்கள் கருத்து எழுத ஓர் இடம். அங்கே யாரோ பெயரில்லாமல் இங்கிலீஷில் எழுதிவிட்டார்கள்: 'விற்காமல் திரும்பிய பழைய லேபிள் பெட்டிகளைப் பிரித்து, பத்திகளைப் புதுப் பெட்டியில் அடைக்கிறார்கள். பேக்கிங் ஹாலிலேயே குவித்து வைத்திருக்கிறார்கள்.' வெளிநாட்டு ஆர்டர்கள் நின்றன. பேக்கிங்கைப் பார்த்துக்கொண்டவள் மகேஸ்வரி. அவள்தான் யாரிடமோ சொல்லி எழுத வைத்தாள் என்று பசவராஜ் முடிவு கட்டிவிட்டார்.

"அது நெசமா?" என்றார் ஜடையன்.

"நெசந்தானுங்க. பின்னாடி ஷெட்டுல, கதவச் சாத்திட்டு அடைப்போம்."

"ஹால்ல இல்லையா?"

"வியாபாரிக வந்து போற எடமுங்க அது. ஆயுத பூஜைக்கு ஷெட்டக் கழுவி விடுவோம். அன்னிக்கு மட்டும் எல்லாத்தையும் ஹால்ல போட்டு வெப்போம்."

லிங்கம்மா துள்ளினாள். "ஹௌதா, அப்படியா! அப்ப பூஜைக்கு வந்தவன் எவனோதான்!"

"பொரி வாங்கித் தின்னுட்டுப் போனவனெல்லாம் இங்கிலீஷ்ல எழுதுவானா? சும்மா இரும்மா" என்றார் ஜடையன்.

மறுநாள் மூவரும் பசவராஜின் அறையில் இருந்தார்கள். ஜடையன் கேட்டதும் அவர் அந்தப் பக்கத்தைத் திறந்தார். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் சாமந்தி மாலை. பிறகு குங்குமம் வைத்த இயந்திரம். பட்டு வேட்டியில் சிரிக்கும் பசவராஜ். அவர் காலுக்குப் பின்னால், பிரித்த பழைய லேபிள் பெட்டிகள். பக்கத்தில் பாதி நிரம்பிய புதுப் பெட்டிகள். படத்துக்கு அடியில் 'எங்கள் பேக்கிங் ஹால்' என்று இங்கிலீஷில் போட்டிருந்தது.

"உங்க ஆளுக சொல்லியிருந்தா ஷெட்டுன்னுதான் சொல்லியிருப்பாங்க. ஹால்னு எழுதினவன் இந்தப் படத்தை மட்டுமே பார்த்தவன். பழைய லேபிளைத் தெரிஞ்ச எவனோ வெளிநாட்டுக் கடைக்காரன். காட்டிக் கொடுத்தது யாருமில்லைங்க. ஊருக்கெல்லாம் நீங்களேதான் காட்டியிருக்கீங்க" என்றார் ஜடையன்.

பசவராஜ் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டார். "படத்த எடுத்துடலாம். மகேஸ்வரி, நாளைக்கே வேலைக்கு வாம்மா. ஆனா இதுல உன் பேருல ஒண்ணு போடணும். இங்க அப்படியெல்லாம் நடக்கறதில்லேன்னு."

லிங்கம்மா மகேஸ்வரியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க."

"நானே அடிச்சுக்கறேன். முழுப் பேரச் சொல்லு."

சொன்னாள். கௌதள்ளி என்று ஊரையும் சேர்த்துச் சொன்னாள். அவர் ஒவ்வோர் எழுத்தாகத் தேடி அடித்து முடிக்கும் வரை பக்கத்தில் நின்றாள்.

"காலையில எத்தன மணிக்கு வரட்டுங்க?" என்று கேட்டாள்.