மூன்றாவது கார்ட்ரிட்ஜ்

வினாயகமூர்த்தி பாய்ந்து ஊசியைத் தூக்கினார். ஸ்பீக்கர் அடங்கியது. டேர்ன்டேபிளின் மோட்டாரை அவர் இன்னும் போடவேயில்லை. இசைத்தட்டு அசையாமல் கிடந்தது.

“நிக்கிற றெக்கோட்டில என்ன சத்தம், மச்சான்?” என்றார் மீராசாஹிப்.

ரெக்கார்ட் பிளேயரின் ஊசி பொருத்திய மூன்று கார்ட்ரிட்ஜுகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த வியாபாரி அவர். நாளைக்குக் கண்ணகி அம்மன் கோயில் கதவு திறக்கிறது. யுத்தம் முடிந்தபின் முதல் சடங்கு. விடியும்வரை பாட்டுப் போட அனுமதி கிடைத்திருந்தது. பெரியகல்லாற்றில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடும் வினாயகமூர்த்திக்கு அதில் சந்தோஷமும் இல்லை, சலிப்பும் இல்லை. ஆறு வயது மகன் நிதுர்ஷனைச் சுனாமி அலை கொண்டுபோன நாளிலிருந்து அவருக்கு எல்லாமே ஒரே சத்தத்தில்தான் கேட்டன.

உடல் கிடைக்கவில்லை. மகனுக்குச் செய்யவேண்டிய காரியத்தை இந்த வருடமாவது செய்து முடிக்கவேண்டும் என்பது ஒன்றுதான் அவருக்கு மிஞ்சியிருந்த ஆசை. மனைவி இராசாத்தி விடவில்லை. “ஒள்ளுப்பம் பொறுங்க” என்பாள். நாலு வருடமாக அதே பேச்சு.

கார்ட்ரிட்ஜை அவர் சோதிக்கும் முறை எளிது. நிற்கிற இசைத்தட்டில் ஊசியை இறக்கி, மேசையை விரலால் தட்டுவார். நல்லதென்றால் ஸ்பீக்கரில் கேட்கும். முதலாவது செவிடு. இரண்டாவது முனகியது. மூன்றாவதை மாட்டும்போது மீராசாஹிப் சிரித்தார்.

“இது மேசையில எறும்பு நடந்தாலும் காட்டிக் குடுக்கும். உங்கட வீட்டு ஆக்களப் போல இல்ல. வாசல்ல நிண்டு மூணுதரம் கத்தின பிறகுதானே வாயத் திறக்கிறீங்க!”

அது இராசாத்தியின் கட்டளை. செத்தவர்கள் இரண்டு தரம்தான் கூப்பிடுவார்களாம். மூன்றாம் தரத்துக்கு உயிர் வேண்டுமாம். அலைக்குப் பிறகு இந்தக் கரையில் பலர் பட்டப்பகலிலும் முதல் இரண்டு குரலுக்குப் பதில் சொல்வதில்லை.

மேசையைத் தட்ட வினாயகமூர்த்தி விரலை மடக்கினார். தட்டுவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. அதனால்தான் ஊசியைத் தூக்கினார்.

இப்போது மறுபடி இறக்கினார். வெளியே கச்சான் காற்று கிடுகு வேலியை உரசி உரசி, வாவியின் சேற்று வாடையை ஜன்னல் வழியாக அள்ளிக்கொண்டுவந்து சீமெந்துத் தரையில் கொட்டியது. அந்த இரைச்சலுக்கும் கீழே, எங்கோ ஆழத்தில், ஈரமான ஒன்று ஈரமான இன்னொன்றில் இடிபடுவதுபோல...

டொக். டொக்.

இடைவெளி.

டொக். டொக்.

“குசினியில தங்கச்சி என்னவும் இடிக்காவோ?” மீராசாஹிப் எட்டிப் பார்த்தார். இராசாத்தி அடுப்பின் முன்னால் அசையாமல் நின்று தண்ணீர் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இல்ல. மேசைய நகத்திப் பாப்பம், மச்சான்.”

வாசலோரம் வைத்தார்கள். ஒன்றுமில்லை. உள்சுவரோரம் மெல்லக் கேட்டது. நடு அறையில், இராசாத்தியின் பாய் கிடந்த இடத்தில் வைத்தபோது ஸ்பீக்கர் அதிர்ந்தது. கட்டில் இருந்தும் அவள் அங்கேதான் படுப்பாள், தரையில் ஒரு காதை வைத்து. வெக்கைக்கு என்று அவர் நினைத்திருந்தார்.

மீராசாஹிப்பின் முகத்தில் சிரிப்பு இல்லை. “உங்கட பழைய கிணறு எங்க இருந்த?”

வினாயகமூர்த்தி தன் கால்களைப் பார்த்தார். அலை உப்பாக்கிய கிணறு. டோசர் மண் தள்ளி மூடிய கிணறு. மரமும் வேலியும் போன வளவில் அது எங்கே இருந்ததென்று பிறகு யாராலும் சொல்ல முடியவில்லை. அந்த மண்ணுக்கு மேலே யாரோ இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்தார்கள். மூடிய நேரம் அவர் இங்கே இல்லை. முகாம் முகாமாக மகனைத் தேடிக்கொண்டிருந்தார்.

இராசாத்தி தேத்தண்ணியோடு வந்தாள். மேசையைப் பார்த்தாள். கோப்பைகளைக் கீழே வைத்தாள். ஒரு துளி சிந்தவில்லை.

“அத எடுங்க. அவனுக்குப் பாரம்.”

“ஆருக்கு?”

அவள் குந்தியிருந்து, விரல் முட்டியால் தரையை இரண்டு தரம் தட்டினாள்.

ஸ்பீக்கர் திருப்பித் தட்டியது. இரண்டு தரம்.

மீராசாஹிப் வாசலுக்குப் பின்வாங்கினார். வினாயகமூர்த்தியின் கை தானாகப் போய் அம்பிளிபயரை நிறுத்தியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

“டோசர் வந்த அண்டைக்கும் தட்டினவன்,” என்றாள் இராசாத்தி, அரிசி முடிந்துவிட்டது என்று சொல்வதுபோல. “நான் கிணத்தடியிலதான் நிண்டன். மூண்டாம் தரம் தட்டட்டும், மறுகா டோசரை மறிப்பம் எண்டு பாத்துக்கொண்டு நிண்டன். ரெண்டு தரம்தான் தட்டினான்.”

டொக். டொக்.

ஸ்பீக்கரில் அல்ல. வினாயகமூர்த்தியின் உள்ளங்காலில்.

டொக்.

இராசாத்தி தரையில் வாயை வைத்தாள்.

“ஓம் மனே,” என்றாள். “வாறன்.”